ஆறடி அக்கா ஆள் பிடித்த கதை

பினாங்குத் தீவில் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்த எந்தப் பெண்ணும் ஆறடி அக்காவிடமிருந்து தப்பித்ததில்லை. பஸ் நிற்குமிடத்தில் பிடித்திருக்கிறார். பாசாரில் மீன் கடை வரிசையில் பிடித்திருக்கிறார். ஒரு சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குத் தோளில் தட்டி ஆறுதல் சொல்லி, கையோடு அவள் உயரத்தையும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். சாலைச் சந்திப்பில் இவர் காரை மடக்கிய போக்குவரத்துப் போலீஸ்காரியிடம், பள்ளியில் பந்து விளையாடிய பழக்கம் உண்டா என்று கேட்டதாகவும், சும்மா எச்சரித்து அனுப்பவிருந்த அந்த அம்மாள் அதன் பிறகுதான் சம்மன் எழுதியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அக்கா இதை மறுத்ததில்லை. அந்தப் போலீஸ்காரி நல்ல உயரம் என்று மட்டும் சொல்வார்.

பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு அவரை ஆறடி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா நான்கடி ஒன்பது அங்குலம். அதுவும் குதிகால் செருப்போடு. யாரைப் பார்த்தாலும் "ஆறடி இருக்குமா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் வந்தது. உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. கணக்கியல், கணினி, அலுவலக நிர்வாகம் என்று சில டிப்ளோமா வகுப்புகள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கிளம்பினால் மேலே விரிவுரையாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் கல்லூரிக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொண்டுவரும் அதிகாரிதான் அக்கா. முதலாளிக்கு அரசு கொடுத்த டத்தோ பட்டம் இருந்ததால் எல்லோரும் அவரை டத்தோ என்றே அழைத்தார்கள். பெரிய கல்லூரிகளின் விளையாட்டுக் குழுக்கள் கோப்பையும் கையுமாகப் பத்திரிகையில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து டத்தோவுக்குப் பொறுக்கவில்லை. நமக்கும் ஒரு குழு வேண்டும் என்றார். விசாரித்ததில், பெண்கள் கூடைப்பந்தில்தான் போட்டியிடும் கல்லூரிகள் குறைவு, பெயரைக் கொடுத்தாலே அரையிறுதி என்று தெரிந்தது. அன்றே முடிவாகிவிட்டது. விளையாட வரும் பெண்களுக்குப் படிப்பு இலவசம். ஆள் பிடிக்கும் பொறுப்பு அக்காவுக்கு.

கூடைப்பந்தைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கூடை மேலே இருக்கிறது. ஆகவே ஆள் உயரமாக இருக்க வேண்டும்.

என்னை அவர் பிடித்தது தைப்பூசத்தன்று. நான் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சமயம். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் நின்று ரோஸ் சிரப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தனை லட்சம் தலைகளுக்கு மேலே என் தலை தனியாகத் தெரிந்ததாம். காவடிகளை விலக்கிக்கொண்டு, உருமி மேளக்காரர்களுக்கு நடுவே புகுந்து, அரை மைல் தூரம் என் தலையைக் குறிவைத்தே நடந்து வந்ததாகப் பின்னால் சொன்னார். வந்து நின்றவர் சிரப் கேட்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தார். வெறுங்கால்.

"சொந்த உயரமா தங்கச்சி?" என்றார்.

யாராவது உயரத்தைக் கடன் வாங்குவார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கைப்பையிலிருந்து தையல்காரர்களின் அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை என் காலடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்து, நீயே உச்சந்தலை வரைக்கும் பிடித்துக்கொள் என்றார். அவர் கைக்கு எட்டாது. ஐந்தடி பதினொன்று. அக்கா நாடாவைச் சுருட்டினார். மலைக்கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் என் வீட்டு விலாசம் கேட்டார்.

அந்த உயரத்தைப் பார்த்து அதுவரை யாரும் கும்பிட்டதில்லை. பள்ளிக்கூடப் புகைப்படங்களில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, கொஞ்சம் முட்டியை மடக்கிக்கொள் என்பார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவை இரக்கத்தோடு பார்ப்பார்கள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் அம்மா என் இடுப்பில் இடித்து, "குனிஞ்சு நில்லுடி" என்று முணுமுணுப்பாள். குனிந்து குனிந்தே எனக்கு முதுகில் ஒரு வளைவு வந்துவிட்டிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தோம். என் அளவுக்குச் சீருடை கையிருப்பில் இல்லை, தைத்து வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வாழ்க்கையில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அந்தச் சீருடை ஒன்றைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஆரஞ்சுப் பழங்கள். அம்மா பார்த்ததும் கல்யாணத் தரகர் என்று முடிவு கட்டிவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நல்ல கோப்பையில் காப்பி கொடுத்தாள். அக்காவும் அதற்கேற்ற மாதிரியேதான் ஆரம்பித்தார். பெண்ணுக்கு வயது என்ன, உடம்பு எப்படி, மூட்டு வலி, மூச்சிரைப்பு ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டார். நோய்நொடி கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"பொண்ணு நல்லா ஓடுவாளா அக்கா?"

அம்மாவின் முகம் கறுத்தது. "எங்க குடும்பத்துல யாரும் ஓடுனது இல்ல. அப்படி வளக்கல நாங்க."

"அப்படி சொல்லாதீங்க. ஓடாத பொண்ண வச்சு நான் என்னா செய்யிறது? ஓடத்தான் வேணும். மத்த பொண்ணுங்களயும் கூட்டிக்கிட்டு ஓடணும்."

அம்மா காப்பிக் கோப்பையை அக்கா கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். பாதி காப்பி அதில் இருந்தது. நான் குறுக்கே புகுந்து பந்து, கல்லூரி, டிப்ளோமா என்று விளக்கிச் சொல்வதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகள் இரண்டு திறந்துவிட்டன.

விஷயம் புரிந்த பிறகு அம்மாவின் கவலை அரைக்கால் சட்டைக்குப் போனது. கணுக்கால்வரை இறுக்கமான உடுப்பை உள்ளே போட்டுக்கொள்ளலாம், முழுக்கை சட்டையும் போடலாம், குழுவில் ஒரு மலாய்ப் பெண்ணும் அப்படித்தான் விளையாடப் போகிறாள் என்றார் அக்கா. அந்த மலாய்ப் பெண்ணை அவர் அப்போது இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்ற நூருலைப் பார்த்தார்.

அப்பா அதுவரை பேசவில்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தினமும் பெர்ரிப் படகில் போய் வந்து, நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்து, பேச்சு குறைந்து போனவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இவ அங்க விழுந்து கிழுந்து வச்சா யாரு தூக்குவா?"

"நான் தூக்குவேண்ணே" என்றார் அக்கா.

அப்பா அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அக்காவைப் பார்த்தார். எங்கள் அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போகட்டும்லாஹ்" என்றார். தொழிற்சாலைச் சீருடை தைத்து வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சேர்ந்த மறுநாளிலிருந்து அக்கா என்னையும் ஆள் பிடிக்க அழைத்துக்கொண்டு போனார். அவருடைய குட்டிக் காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அவர் ஓட்டுநர் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் இருவரும் ஒரே உயரம். இப்படித்தான் ஒரு நாள் பாலத்தைத் தாண்டி நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஆறடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாக ஒரு கல்யாணத்தில் அக்காவுக்குத் துப்பு கிடைத்திருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே வழி தவறி, விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பெண்ணுக்கு முந்தின வாரம்தான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஜோகூர்க்காரர். கல்யாணம் ஆனதும் அங்கே போய்விடுவாள்.

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகம். அப்போது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள் அந்தப் பெண்ணின் தங்கை சித்ரா. இறங்கியவள், முற்றத்தின் மறுகோடியில் நின்ற தன் அண்ணனைக் கூப்பிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள். கொடியில் காய்ந்த துணிகளுக்கு மேலாக வளைந்து போய் அது அவன் கைகளுக்குள் இறங்கியது. அவன் ஒரு அடிகூட நகரவில்லை. அடுத்து சாவியை வீசினாள். அதுவும் அப்படியே. நான் அக்காவின் கையைச் சுரண்டி, இவளைக் கேளுங்கள் என்றேன். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். ஐந்தடி மூன்று இருந்தால் அதிகம்.

"உயரம் பத்தாதும்மா" என்றார் அக்கா வருத்தத்தோடு.

சித்ரா கோபப்படவில்லை. அக்காவுக்கு நேராக வந்து நின்று, நிதானமாகக் கேட்டாள்: "நீங்க உயரமாக்கா?"

அவ்வளவுதான். அக்காவைப் பேச்சில் மடக்கிய ஒரே ஜீவன் அவள்தான். அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "துணிமணி எடுத்துக்கிட்டு காடியில ஏறு" என்றார். பெற்றவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நான் நினைவுபடுத்திய பிறகு, அதற்காக மறுபடியும் படியில் உட்கார்ந்து சாயங்காலம்வரை பேசினார். சித்ரா மறுவாரம் வந்து சேர்ந்தாள்.

எட்டுப் பேர் தேறினோம். கடைவீட்டின் இரும்புக் கதவைக் கொக்கி இல்லாமல் கையாலேயே எட்டி இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது பிடிபட்ட மெய் லிங் ஒருத்திதான் முறையாகக் கூடைப்பந்து விளையாடியவள். நான் பள்ளியில் நெட்பால் ஆடியவள். நெட்பாலில் பந்து கைக்கு வந்தால் ஓடக்கூடாது, நின்றுவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், முதல் வாரம் முழுக்க யார் பந்தைக் கொடுத்தாலும் நான் சிலையாகிவிடுவேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த லிம் சார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் அதிகம் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வாரம் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

பயிற்சி தினமும் சாயங்காலம், ஒரு சீனப் பள்ளியின் திறந்தவெளித் திடலில். அக்கா ஒரு நாள் தவறாமல் வருவார். அவித்த கடலையும் பார்லித் தண்ணீரும் கொண்டுவருவார். ஆலோசனைகளும் கொண்டுவருவார். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஏன் ஓட வேண்டும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினால் சீக்கிரம் போய்விடலாமே என்று லிம் சாரிடம் உண்மையான அக்கறையோடு கேட்டார். எதிரணியில் ஐந்து பேர் நின்றால் நம்மிடம் இருக்கும் எட்டுப் பேரையும் இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். லிம் சார் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் ஒன்று. நான் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அக்கா திடலின் ஓரத்திலிருந்து கத்துவார்: "தேவி, நான் அம்புட்டு தூரம் நடந்து வந்து பிடிச்ச ஆளு அஞ்சடி பதினொண்ணு. இங்க அஞ்சடி எட்டுதான் நிக்குது. மிச்சத்த எங்க வச்ச?" சிரித்துக்கொண்டே நிமிர்வேன். ஒரு நாள் கத்தாமலே நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பதை நானே கவனித்தேன்.

முதல் போட்டியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அக்காவை விட்டுவிட முடியாது. அவர் கல்லூரிக்கொடியோடும், கோயிலில் கோலால் தட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு சேமக்கலத்தோடும் வந்திருந்தார். முதல் பாதியில் எங்களுக்கு அடி பலமாக விழுந்தது. நாங்கள் அபூர்வமாகப் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் சேமக்கலம் முழங்கியது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல் பாதியில் நாங்கள் எந்தக் கூடையில் போட்டோமோ அந்தக் கூடையையே அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பந்து மழையாக விழுந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று ஆடினார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பெண்கள் வந்து அவருக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு பண்பான பிள்ளைகள், தோற்றும் சிரிக்கிறார்களே என்று எங்களிடம் சொல்லி நெகிழ்ந்தார்.

அதே ஆட்டத்தில்தான் நான் கால் பிசகி விழுந்தேன். விழுந்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் அக்கா குதிகால் செருப்போடு திடலுக்குள் ஓடிவந்துவிட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவர் விசில் ஊதுகிறார், இவர் என் அக்குள்களுக்குக் கீழே கையைக் கொடுத்து இழுக்கிறார். ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை. "உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், எந்திரிக்காத, நானே தூக்குறேன்" என்று மூச்சிரைத்தார். நடுவர் எங்கள் அணிக்கு அபராதம் விதித்தார். வலியில் அழுதுகொண்டிருந்த நான் சிரித்ததில் விலா எலும்பும் வலித்தது.

மறுநாள் கல்லூரி வாசலில், டயர் கடையின் பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு ஒரு பதாகை தொங்கியது. 'அரையிறுதி வரை சென்ற நம் வீராங்கனைகளுக்கு வாழ்த்துகள்.' மொத்தமே நான்கு அணிகள் என்பதை அதில் எழுத இடம் போதவில்லை என்றார் அக்கா.

டத்தோவுக்கு அது போதவில்லை. கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டவருக்குப் பதாகை எதற்கு? அந்த ஆண்டில் நாங்கள் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். ஆண்டு முடியும்போது அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். அந்த அறைச் சுவர் பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது இரண்டாவது மாடி முழுக்கக் கேட்கும். குழுவைக் கலைத்துவிடலாம், இலவசப் படிப்பையும் நிறுத்திவிடலாம் என்றார் டத்தோ. வெளியே நாங்கள் எட்டுப் பேரும் நின்றோம். சித்ராவின் கை என் கையைப் பிடித்திருந்தது. கட்டணம் கட்ட வேண்டும் என்றால் அவள் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்குத் தொழிற்சாலை.

அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. வழக்கம்போல, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"டத்தோ, நீங்க என்கிட்ட உயரமான பொண்ணுங்க வேணும்னு கேட்டீங்க. கொண்டாந்தேன். ஜெயிக்கிற பொண்ணுங்க வேணும்னு கேக்கவே இல்ல. இப்ப கேட்டிருக்கீங்க. டைம் குடுங்க."

பிறகு அக்காவே தொடர்ந்தார்.

"இல்ல, அனுப்பித்தான் ஆகணும்னா அவங்க வீட்டுக்கு நீங்க போயி சொல்லுங்க. எட்டு வீட்டுலயும் ஒக்காந்து காப்பி குடிச்சு வாக்கு குடுத்தவ நான். நான் போயி சொல்ல மாட்டேன். அடுத்த மாசத்துலேருந்து வேலைக்கும் வரமாட்டேன்."

வெளியே வந்தவர் நாங்கள் எல்லோரும் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். அடுத்த போட்டிவரைக்கும் டைம் இருக்கிறது, ஒன்றாவது ஜெயிக்க வேண்டும், இப்போது போய்க் கடலை சாப்பிடுங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியே மாறிப்போனது. லிம் சார் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தானே திடலில் இறங்கினார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். எதிரி கூடைக்குப் பந்து வீசும்போது தட்டிப் பறிக்கப் போகாதே. நேராக நில். இரண்டு கையையும் நேரே மேலே தூக்கு. உன்னைத் தாண்டி யாராலும் போட முடியாது. சித்ராவுக்கு அவர் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மழையில் திடல் நனைந்து கிடந்த நாட்களில்கூட அவள் தூரத்தில் நின்று வீசிக்கொண்டே இருப்பாள்.

அடுத்த போட்டி ஜார்ஜ் டவுனில் ஓர் உள்ளரங்கத்தில் நடந்தது. முதல் முறையாக அம்மா வந்தாள். அப்பா பணிமுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சித்ரா வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். டத்தோ கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில். அரையிறுதி ஆட்டம். எதிரே, முந்தின ஆண்டு எங்களைத் துவைத்துக் காயப்போட்ட அதே அணி. அக்காவுக்கு அவர்களைப் பார்த்ததும் சந்தோஷம், போன தடவை சிரித்துக் கைகொடுத்த அந்தப் பண்பான பிள்ளைகள் என்று.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே ஒட்டி ஒட்டிப் போனது. நாங்கள் இரண்டு போட்டால் அவர்கள் இரண்டு போட்டார்கள். கடைசி நிமிடங்களில் சித்ரா மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒன்று வீசினாள். மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி ஹெல்மெட்டை வீசிய அதே அலட்சியத்தோடு. பந்து வலையைத் தவிர எதையும் தொடவில்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் போனோம். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் மலாயில் ஓர் அறிவிப்பு. வாயிலை அடைத்துக்கொண்டு ஒரு சின்னக் கார் நிற்கிறது, பரிசளிப்பு விருந்துக்கு மீ கோரெங் கொண்டுவந்த வேன் உள்ளே வர முடியவில்லை, சொந்தக்காரர் உடனே வரவும். கார் எண்ணைச் சொன்னார்கள். அக்கா எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சேமக்கலத்தை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு ஓடினார்.

பந்து அவர்கள் கையில். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய உயரமான ஆட்டக்காரி நூருலைத் தாண்டி, மெய் லிங்கைத் தாண்டி, நேராக என்னை நோக்கி வருகிறாள். அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, ஒரு குரலைத் தவிர. எத்தனையோ கல்யாண மண்டபங்களில் என் இடுப்பில் இடித்து முணுமுணுத்த குரல். இன்று அது முணுமுணுக்கவில்லை.

"நிமிந்து நில்லுடி தேவி. நல்லா நிமிந்து நில்லு."

நின்றேன். ஐந்தடி பதினொன்றும், அதற்கு மேல் இரண்டு கைகளும். அவள் எகிறி வீசினாள். பந்து என் உள்ளங்கையில் பட்டு மேலே போய்க் கீழே விழுந்தது. சித்ரா அதைப் பொறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். மணி அடித்தது.

அக்கா காரை நகர்த்திவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தபோது, நாங்கள் எட்டுப் பேரும் நடுத்திடலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். சித்ராவின் அம்மா அழுதுகொண்டிருந்தார். எங்கள் அம்மா சேமக்கலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். அக்காவுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டார்.

"அழாதீங்கக்கா. விளையாட்டுன்னா அப்படித்தான். நான் டத்தோகிட்ட பேசுறேன். காலுல விழுந்தாவது பேசுறேன்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஜெயிச்சுட்டாங்கடி."

அம்மா அக்காவை 'டி' போட்டு அழைத்தது அன்றுதான் முதல் தடவை. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். புள்ளிப் பலகையைப் பார்த்தார். சந்தேகமாக, "எந்தக் கூடையில போட்டாங்க?" என்று கேட்டார். பிறகு பட்டுச்சேலையோடு அப்படியே அரங்கத்தின் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய் அவரைத் தூக்கினோம். அவரைத் தூக்குவது ஒன்றும் சிரமமில்லை. என் தோளில் உட்கார வைத்துத் திடலைச் சுற்றி வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் எல்லோரையும் மேலிருந்து பார்த்தார். அங்கிருந்தபடியே மேல் வரிசையில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, அவளுக்கு எத்தனை அடி இருக்கும் என்று என் காதைத் திருகிக் கேட்டார்.

அந்தப் போட்டியில் கோப்பை கிடைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் டத்தோ இரண்டாம் பரிசுக் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் நடுவில் நின்ற படம் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகு கட்டணத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை. எட்டுப் பேரும் படித்து முடித்தோம். சித்ரா மேற்கொண்டு படித்து ஆசிரியையாகி, இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கிறாள். நூருல் வங்கியில் இருக்கிறாள். மெய் லிங் ஆஸ்திரேலியாவில் கணக்காளர். நான் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவி. எங்கள் கப்பல்களின் பெட்டிகளை இறக்கும் துறைமுகத்தில்தான் அப்பா கிரேன் ஓட்டினார். என் அலுவலகச் சன்னலிலிருந்து கிரேன் தெரிகிறது என்று அவர் நண்பர்களிடம் சொல்லும்போது கேட்க வேண்டும். பேச்சு குறைந்த மனிதர் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என்னைவிட இரண்டு அங்குலம் குறைவு. அவருக்கோ எனக்கோ அது ஒரு பொருட்டில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா, மேடைக்கு வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையன் தங்கமான பையன், பந்துக்கு மட்டும் ஆகமாட்டான் என்று என் காதில் தீர்ப்புச் சொன்னார்.

குடும்பப் படம் எடுக்கும் நேரம். புகைப்படக்காரர் இரண்டு வீட்டு ஆட்களையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில், இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் நின்ற அக்காவைப் பார்த்து, "ஆண்ட்டி, நீங்க யாரு வீடு?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்து, எனக்கும் தனக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

"பொண்ணு வீடு" என்றாள் அம்மா.